மார்லிஸின் முன்பிடி

ரைஃபிள் குழலை மூடியிருந்த பழைய முன்பிடியின் இரண்டு பாதிகளும் கையோடு கழன்று வந்தபோது மார்லிஸுக்கு முதலில் கோபம் வரவில்லை. தான்தான் எதையோ தப்பாகக் கழற்றிவிட்டதாக நினைத்தாள். நான்கு வருடப் பழக்கம் அது. ரைஃபிளில் எது சரியில்லை என்றாலும் குறை தன்னிடம்தான் என்று நினைக்கும்படி அவளைப் பழக்கி வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். கராஜ் கதவைத் தூக்கிவிட்டிருந்ததால் வடக்கு டக்கோட்டாவின் காற்று முழுக்க உள்ளே வந்து மேசைமேல் இருந்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. ரைஃபிளின் மேல்பாகம் மேசையில் பூட்டிய இரும்புப் பிடியில் இறுகியிருந்தது. எதிர்ப்பக்கம் அவள் கணவன் ஆரின், ஒரு கையில் விளக்கும் மறு கையில் இரவல் வாங்கி வந்த ஸ்பேனருமாக நின்றான்.

"என்ன ஆச்சு?"

"கழண்டு வந்துடுச்சு."

"கழட்டத்தானே காலைலேர்ந்து நிக்கிறோம்?"

"இது இவ்ளோ லேசா வரக்கூடாது ஆரின். உள்ள இருக்கிற குழாய் எங்க?"

உள்ளே குழாய் இல்லை. வெறும் துப்பாக்கிக் குழல்தான் இருந்தது. பிளாஸ்டிக் பாதிகளின் உட்புறத்தில், சூடு தாங்கத் தொழிற்சாலையில் வைத்த மெல்லிய தகடு அப்படியே இருந்தது. மனிதக் கை பட்ட அடையாளமே இல்லை.

ஒரு குழாய்க்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் ஒருமுறை படுத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். போட்டியில் படுத்துச் சுடும்போது தோல்வாரை இடது கையில் சுற்றி, ரத்தம் கட்டும் அளவுக்கு இறுக்கிக்கொள்வார்கள். அந்த வார் முன்பிடிக்கு அடியில் உள்ள வளையத்தில் மாட்டியிருக்கும். உள்குழாய் இல்லாத துப்பாக்கியில் அந்த வளையம் குழலோடு சேர்ந்தது. வாரை இழுத்தால் குழலும் கூடவே வளையும். மயிரிழைதான். ஆனால் அறுநூறு கெஜத்துக்கு அப்பால் அந்த மயிரிழை ஒரு முழமாகிவிடும். உள்குழாய் பின்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு, குழலை எங்கும் தொடாமல் அதைச் சுற்றி நிற்கும். வளையத்தை அதில் மாட்டிவிட்டு எவ்வளவு இழுத்தாலும் குழல் தன்பாட்டுக்கு நேராக இருக்கும். மேலே பழைய பிளாஸ்டிக்கை மூடிவிட்டால், பார்ப்பவனுக்கு ராணுவம் கொடுத்த துப்பாக்கி மாதிரியே தெரியும். வெளித்தோற்றம் மாறக் கூடாது என்பது அவள் சுடும் ரைஃபிள் கிளப்பின் அன்றைய விதி. இப்போது விதி தளர்ந்து, துளை துளையாக இருக்கும் உலோக முன்பிடியே போடலாம் என்றாகிவிட்டது. அதில் ஒன்றைத்தான் மார்லிஸ் வாங்கி வைத்திருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால், அவளுடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஆரின் அந்த உள்குழாயைப் பரிசாக வாங்கிக் கொடுத்தான். பொருத்தியது அவள் அண்ணன் கேலன். கிளப்பில் பாதிப் பேரின் ரைஃபிள்கள் கேலன் கைபட்டவைதான். திருப்பிக் கொடுக்கும்போது அவன் சொன்னது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

"போட்டாச்சு பொடிசு. இனிமே யாரும் இதைத் தொறக்காதீங்க. தொறந்தா குறி கலைஞ்சிடும்."

கேலன் இறுக்கியதை யாரும் திறக்க மாட்டார்கள். அது கிளப்பில் எழுதாத சட்டம். திறந்தால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். அவளும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. நின்றுகொண்டு சுடும்போது வாரை இறுக்கக் கூடாது என்பது விதி. அதில் கிளப்பிலேயே மார்லிஸ்தான் முதல். நின்று சுடுவதுதான் எல்லோருக்கும் கஷ்டம். படுத்துச் சுடுவதில் கத்துக்குட்டிகூடப் புள்ளி வாங்கிவிடுவான், மார்லிஸ் அங்கேதான் கவிழ்வாள். தோட்டாக்கள் கீழே இடது பக்கமாக ஊர்வலம் போகும். எதைத் திருகினாலும் நிற்காது. ஒரு நாள் இவ்வளவு, மறுநாள் அவ்வளவு.

"நீ பயப்படுற பொடிசு," என்பான் கேலன், நாலு பேர் எதிரில். "விசையைத் தொடுறப்ப கண்ணை மூடிக்கிற. துப்பாக்கி நல்ல துப்பாக்கி. கோளாறு துப்பாக்கிக்குப் பின்னாடிதான் இருக்கு."

குளிர்காலம் முழுக்க, முன்னால் சாலையே தெரியாத பனிப்புயலில், மாவட்ட நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவள் அவள். அவளிடம் பயம் என்றான். அவளும் நம்பினாள்! காப்பியை விட்டாள். கண் டாக்டரிடம் போய் இரண்டு முறை கண்ணாடி மாற்றினாள். குழல் நுனியில் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் வெறும் விசையை அழுத்திப் பழகச் சொன்னான் கேலன். ஒரு குளிர்காலம் முழுக்கச் சமையலறையில் படுத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நூறு முறை அழுத்தினாள். நாணயம் ஒருமுறைகூட விழவில்லை. கோடையில் தோட்டா மறுபடி கீழே இடது பக்கம்தான் போனது.

"இங்க பாரு," என்றாள் ஆரினிடம். "நாலு வருஷம். நாலு வருஷமா என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கான்."

ஆரின் விளக்கைக் கீழே வைத்தான். தானியக் கிடங்கில் எடை போடும் வேலை அவனுக்கு. எதையும் இரண்டு முறை பார்க்காமல் வாய் திறக்க மாட்டான். குனிந்து பார்த்தான், திருப்பிப் பார்த்தான்.

"இதுல நான் குடுத்த குழாய் எப்பவுமே ஏறினதில்லை," என்றான் கடைசியில். "ஏறியிருந்தா இந்தத் தகட்டைப் பிச்சிருக்கணும்."

"அப்ப அது எங்க?"

"எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிடலாம். அதுல பேர் போட்டேனே."

ஆரின் எல்லாவற்றிலும் பேர் போடுகிறவன். சர்ச் விருந்துக்குக் கொண்டுபோகும் பாத்திரத்தின் அடியில் ஊரில் எல்லோரும் பேர் எழுதிய டேப் ஒட்டினால், இவன் மின்சாரப் பேனாவால் செதுக்கியே விடுவான். ஸ்பேனர், மண்வெட்டி, மீன் பிடிக்கும் பெட்டி எல்லாவற்றிலும் பேர் உண்டு. அவனைக் கேலி செய்யாத ஆள் அந்த ஊரில் இல்லை.

"நான் இப்பவே அவன் வீட்டுக்குப் போறேன்."

"போய்?"

"போய் என்னவா? கேக்கப் போறேன்!"

"போட்டேன்னு சொல்லுவான். நீதான் தொலைச்சேன்னு சொல்லுவான். அவன் வாயை ஜெயிக்க முடியுமா உன்னால? நாளைக்கு மேட்ச் மார்லிஸ். மொதல்ல இதை மாட்டு."

அவளுக்கு அவன் மேலும் கோபம் வந்தது, அவன் சொன்னது சரி என்பதால். மாநில அணியில் ஆறு பேர். ஐந்து இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஆறாவது இடம் நாளைய போட்டியில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு. அந்த அணிதான் ஓஹியோவில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகும். கடந்த நான்கு வருடமும் அந்த ஆறாவது இடத்தில் போனது கேலன் என்று சொல்லத் தேவையில்லை.

குழல் நுனியில் இருந்த முன்குறியைப் பிடித்திருந்த ஊசிகளைத் தட்டி எடுக்கவே அரை மணி ஆயிற்று. ஒவ்வொரு தட்டும் வேறு யாருக்கோ விழ வேண்டிய அடி. பிறகு குழலின் அடியில் இருந்த பழைய மரையைக் கழற்றினாள். புது மரைக்கு கிரீஸ் தடவி, இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, வாயுக்குழாய் நுழையும் பள்ளம் நேராக வரும்வரை திருகினாள். ஆரின் கை நீட்டியபோது, "தொடாதே, இதை நான்தான் இறுக்கணும்," என்றாள். கேலன் கைபட்ட துப்பாக்கி இனி அவளுக்கு வேண்டாம். உலோக முன்பிடியை ஏற்றி, வார் வளையத்தை விதி சொன்ன பதின்மூன்றரை அங்குலத்தில் வைத்து, மூன்று முறை அளந்தாள். ஒரு காகிதத்தைக் குழலுக்கும் முன்பிடிக்கும் நடுவில் விட்டு இழுத்தாள். எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

மதியம் ஆரினின் சித்தப்பாவுடைய சரளைக்கல் குழியில் படுத்துச் சுட்டாள். முதல் ஐந்து, வாரைத் தளர்த்தி. அடுத்த ஐந்து, கை மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கி. தொலைநோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆரின் ஓட்டைகளை இரண்டாம் முறை எண்ணினான்.

"சொல்லித் தொலையேன்!"

"பத்தும் ஒரே இடத்துல இருக்கு. என் உள்ளங்கையால மூடிடலாம்."

மார்லிஸ் சரளைக்கல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று ஆரின் நினைத்துக்கொண்டு முதுகைத் தட்டினான். அது சந்தோஷமே இல்லை. அவளிடம் எந்தக் குறையும் இருந்ததில்லை. இல்லாத குறைக்கு நான்கு வருடம் வைத்தியம் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு முறை அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காத தன் மேலும் ஆத்திரம் பொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, கிளப் மைதானத்தில் கொடிகள் படபடத்தன. ஆயுதங்களைச் சோதிக்கும் மேசையில் கேலன் வந்து அவள் ரைஃபிளை மேலும் கீழும் பார்த்தான். ஆறடி உயரம், தொப்பியில் நான்கு வருட ஓஹியோ பேட்ஜுகள்.

"அடேங்கப்பா, புதுச் சட்டை போட்டிருக்கே! யாரு மாட்டினது?"

"நான்தான்."

"நீயா?" சிரித்தான். ஆனால் கண் சிரிக்கவில்லை. "பழசைக் கழட்டினது?"

"அதுவும் நான்தான்."

"என்கிட்ட கொண்டாந்திருக்கலாமே பொடிசு..."

"உனக்கு எதுக்கு சிரமம்? உன்னோடது நல்லா இருக்கா கேலன்? இன்னும் பழைய பிளாஸ்டிக்தானே?"

"என்னுது எதுக்கு மாத்தணும்? ஓடுற வண்டி," என்றவன், தலைமை நடுவர் லீலண்ட் கூப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டு நகர்ந்தான். லீலண்ட் கூப்பிடவில்லை. அந்த நகர்விலேயே மார்லிஸுக்குத் தெரிந்துவிட்டது, குழாய் எங்கே இருக்கிறதென்று.

சீட்டுக் குலுக்கியதில் இருவருக்கும் ஒன்பதாம் இலக்கு விழுந்தது. ஒருவர் சுடும்போது மற்றவர் பள்ளத்தில் நின்று இலக்கை இறக்கி, ஓட்டையைக் குறித்து, மேலே ஏற்ற வேண்டும். முதல் சுற்று மார்லிஸுடையது. நின்றபடி, வழக்கம்போல முதலாவது வந்தாள். உட்கார்ந்து சுட்டாள், சரியவில்லை. முந்நூறு கெஜத்தில் படுத்தாள், சரியவில்லை. பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தொலைநோக்கிகளைத் திருப்பினார்கள். அறுநூறு கெஜத்தில் காற்று முரண்டு பிடித்தது. வாரை இறுக்கினாள். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் கண்ணை அகலத் திறந்தே வைத்திருந்தாள், யாரோ பார்க்கிறார்கள் என்பது போல. எண்ணூறுக்கு எழுநூற்று எழுபத்திரண்டு. அவள் வாழ்நாளில் அந்தப் பக்கமே போனதில்லை.

அடுத்து கேலன் சுட, அவள் பள்ளத்தில் நின்றாள். மேலே தோட்டாக்கள் சாட்டை சொடுக்குவது போலப் போயின. ஒன்று ஒன்றாக இறக்கினாள், குறித்தாள், ஏற்றினாள். கேலன் கெட்டிக்காரன், அதை யாரும் மறுக்க முடியாது. கடைசித் தோட்டாவுக்கு முன்னால் எழுநூற்று அறுபத்து மூன்றில் இருந்தான். பத்து விழுந்தால் அவளை ஒரு புள்ளியில் தாண்டிவிடுவான்.

கடைசித் தோட்டா வந்தது. இறக்கினாள். ஓட்டை பத்தாம் வட்டத்தின் கோட்டை ஒட்டி இருந்தது. தொட்டால் பத்து, தொடாவிட்டால் ஒன்பது. அவள் கண்ணுக்கு ஒன்பது என்றுதான் பட்டது. ஆனால் அவள் கண் எதைப் பார்க்க ஆசைப்படுகிறது என்று அவளுக்கே தெரியும். அந்த ஓட்டையை ஒன்பது என்று குறித்துவிட்டு ஏற்ற அரை நொடி போதும். ஆத்திரத்தோடு குறிக்கும் குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் பள்ளத்து நடுவரைக் கூப்பிட்டாள்.

"இதை நான் குறிக்க மாட்டேன். நீங்க அளந்து சொல்லுங்க."

டெல்மர் என்ற அந்த மனிதர் அளவுக்குச்சியை ஓட்டையில் விட்டு, பூதக்கண்ணாடி வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தார். "தொடல. ஒன்பது," என்று அவரே குறித்து ஏற்றினார்.

இருவரும் சமம். நடுப்புள்ளிக்குள் விழுந்தவற்றை எண்ணினால் அவளுக்கு இருபத்தேழு, அவனுக்கு இருபத்திரண்டு. ஆறாவது இடம் மார்லிஸுக்கு.

புள்ளி எழுதும் மேசையைச் சுற்றிக் கூட்டம். பழச்சாறும் ருபார்ப் கேக்கும் வைத்திருந்த தட்டுகளைத் தாண்டி கேலன் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"என் இலக்கை இழுத்தது யாரு? இவதானே? ஒன்பது வராம என்ன வரும்!"

"நான் அளந்தேன் கேலன்," என்றார் டெல்மர்.

"சரி, நீங்க அளந்தீங்க. ஆனா இதுகூடத் தெரியலையா உங்களுக்கு? சுட்டது இவ இல்ல. அந்தப் புது முன்பிடி சுட்டுச்சு. பொடிசு எப்பவும் பொடிசுதான்."

நான்கு வருடம், துப்பாக்கி நல்லது, கோளாறு உன்னிடம் என்றவன். இன்று, துப்பாக்கிதான் சுட்டது, நீ இல்லை என்கிறான்.

"லீலண்ட்," என்றாள் மார்லிஸ். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சமமா வந்த ரெண்டு துப்பாக்கியையும் தொறந்து காட்டச் சொன்னா காட்டணும், விதிதானே? இந்தாங்க என்னுது, தொறந்து பாருங்க. அப்புறம் அவனோடதையும் தொறங்க."

"என்னோடது எதுக்கு?" கேலன் ரைஃபிளை மார்போடு அணைத்தான். "தொறந்தா குறி கலைஞ்சிடும்."

"இதையேதான் என்கிட்டயும் சொன்ன!"

அவள் போட்ட சத்தத்தில் கேக் எடுக்கக் குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். லீலண்ட் கையை நீட்டினார். எழுபது வயது மனிதர், இரண்டாம் முறை கேட்கிற வழக்கம் இல்லாதவர். கேலன் கொடுத்தான். லீலண்ட் முன்பிடியை இறுக்கியிருந்த பின்வளையத்தைத் திருகித் தளர்த்தி, பிளாஸ்டிக் பாதிகளைப் பிரித்து மேசையில் வைத்தார். கறுப்பு உள்குழாய் வெயிலில் தெரிந்தது. அதன் அடிப்பக்கம், கோணல்மாணலான எழுத்தில்: மார்லிஸ் பி. நாற்பது.

"அது என் கையெழுத்து," என்றான் ஆரின் பின்னாலிருந்து. யாரோ சிரிக்கத் தொடங்கி, கேலன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"என்னோடது விரிசல் விட்டிருந்துச்சு," என்றான் கேலன். குரல் சின்னதாகியிருந்தது. "அந்த வாரம் மேட்ச். புதுசு வர ஒரு மாசம் ஆகும்னாங்க. ஒரே ஒரு மேட்ச்சுக்குன்னுதான் எடுத்தேன் மார்லிஸ். ஜெயிச்சிட்டேன். அப்புறம் கழட்ட மனசு வரல."

"கழட்ட மனசு வரல. சரி. நான் பயந்தாங்கொள்ளின்னு சொல்ல மட்டும் எப்படி மனசு வந்துச்சு? நாணயம் வெச்சுப் பழகுன்னு சொல்ல எப்படி வந்துச்சு? நான் கண்ணாடி மாத்தினப்ப, 'ஆமா, அதுவாத்தான் இருக்கும்'னு தலையாட்டினியே!"

இதைத் தப்பென்றே அதுவரை நினைக்காதவன் போலக் கேலன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விதில இதுக்கு எதுவும் இல்லை," என்றார் லீலண்ட் மெதுவாக. "ஆனா பொருள் உன்னுது மார்லிஸ். இப்பவே கழட்டித் தரச் சொல்றேன்."

"நானே கழட்டித் தரேன்," என்று கேலன் அவசரமாக ஸ்பேனரைத் தேடினான். "இப்பவே தரேன். மன்னிச்சிடு பொடிசு."

"கையை எடு," என்றாள் மார்லிஸ்.

பிளாஸ்டிக் பாதிகளை அவளே எடுத்தாள். தன் பெயரின் மேல் அவற்றைப் பொருத்தினாள். பின்வளையத்தை விரல் வெளுக்கும்வரை இறுக்கினாள், ஸ்பேனர் போட்டு மறுபடி இறுக்கினாள். ரைஃபிளை அவன் கையில் திணித்தாள்.

"கழட்டக் கூடாது. இதோடதான் நீ சுடணும். ஒவ்வொரு தடவை நீ படுத்துக் குறி பாக்கறப்பவும் உன் இடது கைக்குள்ள என் பேரு இருக்கும். கிளப்ல இருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும்."

"மார்லிஸ், வேணாம்..."

"தொறக்காதே," என்றாள். "தொறந்தா குறி கலைஞ்சிடும்."

லீலண்ட் தாளில் ஆறாவது பெயரை எழுதி, எழுத்துச் சரியா என்று அவளிடம் கேட்டார். சரி என்றாள். ஆரின் இரண்டு துண்டு கேக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வண்டியை எடுக்கப் போனான்.